கூடைக்குக் கீழே உபசாரம்

யதுல்லாவுக்கு ரொட்டி வாங்கப் போவதே பெரும்பாடாகிவிட்டது. காலையிலிருந்து அரிசி ஆலையில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போன மனிதன், வீட்டுக்குப் போகிற வழியில் நாலு ரொட்டி வாங்கலாம் என்று நாதலியின் கடை வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான், பின்னால் நிற்பவன் தோளைத் தட்டுவான். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. அவன் மகன் மெஹ்யாரின் பேச்சு.

"என்ன உஸ்தா, உங்க பையன் நேத்தும் கல்யாணப் பொண்ணு மாதிரி குனிஞ்ச தலை நிமிராம ஆடினானாமே?"

"தலை போய் கூடையை இடிக்குது. கை மட்டும் இன்னும் சட்டைப்பையிலயே கிடக்குது."

கோர்கான் ஊரில் கூடைப்பந்தைப் பற்றிப் பேசத் தெரியாதவன் கிடையாது. ஆடத் தெரிந்தவன் கொஞ்சமாகப் பேசுவான், தெரியாதவன் சத்தமாகப் பேசுவான். ரொட்டிக்கடை நாதலி இரண்டாவது ஜாதி. நீளக் கட்டையை அடுப்புக்குள் விட்டு ரொட்டியைப் புரட்டிக்கொண்டே அவன் ஆரம்பித்தான்.

"யோவ் யதுல்லா, கூடைக்குக் கீழ நிக்கற சென்டர்னா எப்படிய்யா இருக்கணும்? இந்த அடுப்பு மாதிரி இருக்கணும். கிட்ட வந்தவன் சுட்டுக்கிட்டு ஓடணும். உன் பையன் அடுப்பு இல்லே, திண்டு. வர்றவன் போறவன் எல்லாம் சாஞ்சுக்கறான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. யதுல்லாவும் சிரித்து வைத்தான். சிரிக்காமல் நின்றால் ரொட்டி கருகித்தான் வரும்.

மெஹ்யாருக்குப் பதினேழு வயது. இரண்டு மீட்டரைத் தாண்டி வளர்ந்துவிட்டான். வீட்டில் எந்த வாசலில் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதைப் போலக் குனிந்துதான் நுழைவான். வெறும் உயரம் மட்டும் இல்லை. ஒல்லிக்குச்சியாக வளர்ந்து காற்றில் ஆடும் பிள்ளைகள் உண்டே, அப்படி இல்லை. ஆலையில் ஒருநாள் அப்பனுக்குத் துணையாக வந்தவன், ஆளுக்கு ஒன்றாகத் தூக்குகிற மூட்டையைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்து, லாரி டிரைவர் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

அந்த வியாழக்கிழமை பாபோல் அணியோடு ஆட்டம். அதைப் பார்க்கத் தெஹ்ரானிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் கோச் வருகிறார், செர்பியாக்காரர், பெயர் மிலென்கோ. கடலோர ஊர்களிலிருந்து நெட்டையான பையன் ஒருத்தனை எடுத்துக்கொண்டு போய்த் தங்க வைத்துப் பழக்கப் போகிறார்கள். ஒருத்தனைத்தான். பாபோல் அணியிலும் ஒரு சென்டர் இருக்கிறான். யாரை எடுப்பார்கள் என்பது வியாழக்கிழமை சாயங்காலம் தெரிந்துவிடும்.

இதைச் சொல்லத்தான் புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஊர்க் கோச் சாலாரி ஆலைக்கே வந்துவிட்டார். ஒரு காலத்தில் ஆடி முழங்கால் போனவர். கத்திக் கத்தித் தொண்டையும் போனவர். மூட்டை மேல் உட்கார்ந்து, கொடுத்த டீயை மூன்றாம் தடவை வற்புறுத்திய பிறகு வாங்கிக்கொண்டார்.

"உஸ்தா, நான் கத்திப் பார்த்துட்டேன், கெஞ்சிப் பார்த்துட்டேன், பெஞ்சில உக்கார வெச்சும் பார்த்துட்டேன். எது சொன்னாலும் 'என் கண்ணு மேல, கோச்'ங்கறான். உள்ள போனா பழைய கதைதான். இடிச்சவன் சும்மா இருக்கான், இடிபட்ட இவன் மன்னிப்புக் கேக்கறான்! போன வாரம் ஒருத்தன் இவன் காலை மிதிச்சான். 'கால் அங்க இருந்தது என் தப்புங்க'ன்னு சொல்றான். பந்து கைக்கு வந்தா யாருக்குக் குடுக்கலாம்னு சுத்திப் பார்க்கறான். கூடைக்குக் கீழ நின்னுக்கிட்டு உபசாரம் பண்றான்யா! 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னு டீ கிளாஸை நீட்டற மாதிரி பந்தை நீட்டறான்."

யதுல்லா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டான்.

"ஏண்டா இப்படின்னு கடைசியாக் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'பாபா சொல்லியிருக்கார்'னான்."

யதுல்லா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

சொன்னது உண்மைதான். மெஹ்யாருக்குப் பத்து வயதிருக்கும். முற்றத்தில் பெரியப்பா மகனோடு மல்லுக்கட்டி விளையாடினான். விளையாட்டுத்தான், கோபம் இல்லை, கத்தல் இல்லை. பட்டென்று ஒரு சத்தம். அந்தப் பையனுக்குக் காரை எலும்பு இரண்டாகிவிட்டது. அன்றைக்கு யதுல்லா மகனை அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, "ஆண்டவன் உனக்கு ரெண்டு ஆள் உடம்பைக் குடுத்திருக்கான்டா. ஒருத்தனை மட்டும் வெளியில விடு. இன்னொருத்தனை வீட்டுல உக்கார்த்தி வை" என்று சொன்னான். பையன் தலையாட்டினான். சொன்ன யதுல்லா ஒரு வாரத்தில் அதை மறந்துபோனான். கேட்டவன் இத்தனை வருஷமாகத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"நீங்க போட்ட பூட்டு. நீங்கதான் திறக்கணும்" என்றார் சாலாரி. "'அடிச்சு ஆடுடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால."

ஒரு வார்த்தைதான். ஆனால் யதுல்லாவுக்கு மகனின் குணம் தெரியும். எதைச் சொன்னாலும் அவன் அரைகுறையாகச் செய்ய மாட்டான். போன புத்தாண்டுக்கு வீடு சுத்தம் செய்கிறபோது, கம்பளத்தைக் கொடியில் போட்டு நன்றாக அடி என்றாள் அவன் அம்மா தூபா. வெளியில் தொம் தொம் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் கம்பளம் மடிப்போடு கிழிந்து இரண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "போதுமாம்மா?" என்று கேட்டான்.

கம்பளம் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். எதிரே நிற்கப் போவது பாபோலில் யாரோ பெற்ற பிள்ளை. சொல்லாமல் விட்டால் மகனின் காலம் இந்த ஆலை மூட்டையோடு போய்விடும். சொன்னால் என்ன போகும் என்று யதுல்லாவுக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி படுத்தவன் புரண்டுகொண்டே கிடந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் தூபா திருஷ்டி கழிக்க நெருப்பில் இஸ்பந்து விதையைப் போட்டு, படபடவென்று வெடிக்கிற புகையை மகனின் தலையைச் சுற்றிக் காட்ட, தலை எட்டாமல் முக்காலியில் ஏறி நின்றாள். அவன் முழங்காலை மடக்கிக் கொடுத்தான்.

"ஊர்க் கண்ணெல்லாம் இந்த உயரத்து மேலதான்" என்றாள். பையன் சட்டை மாற்றப் போனதும் கணவனிடம் வந்தாள். "சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லே."

"நான் கறியும் சோறும் போட்டு இவனை இந்த அளவுக்கு வளர்த்தது கண்டவனும் தள்ளிவிட்டுப் போறதுக்கா? நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன்."

"நீ சொன்னா கம்பளம்தான் தூபா."

அவள் முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. மகன் ஆடி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பையன்கள் ஆடுகிற அரங்கத்துக்குள் பெண்களை விடுவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தன் தம்பியின் டாக்ஸியில் வந்து, அரங்கத்தின் பின்சுவரை ஒட்டி நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பாள். சுவர் வழியாக வருகிற சத்தம்தான் அவளுக்கு ஆட்டம். எந்த இரைச்சல் எந்த அணிக்கு என்று இப்போது அவளுக்குப் பிரித்துத் தெரியும்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. யதுல்லா கீழ் வரிசையில், கூடைக்குக் கிட்டத்தில் உட்கார்ந்தான். நாதலி கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்ப்பக்கம் மிலென்கோ. நரைத்த குட்டை முடி, பெரிய தொப்பை. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் தன் தொப்பியிலேயே சேர்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து ஒரு சீசன்தான் ஆகுது. விதை உடைக்கக் கத்துக்கிட்டான் பாரு" என்றான் நாதலி. "நம்ம பேச்சும் கொஞ்சம் வருமாம். யாரா இருந்தாலும் நீ, வா, போதானாம். மந்திரி வந்தப்பக் கூட 'நீ உக்காரு'ன்னானாம்."

பாபோல் அணியின் சென்டர் பெயர் பெஜ்மான். மெஹ்யாரை விட ஒரு சாண் குட்டை. ஆனால் அரைக்கிற கல் மாதிரி உடம்பு, காதோரம் அடர்ந்த கிருதா. ஆட்டம் தொடங்கியதுமே அவன் முழங்காலை மெஹ்யாரின் இடுப்புக்குக் கீழே கொடுத்துத் தள்ள ஆரம்பித்தான். நடுவர் பார்க்காதபோது முழங்கை. பார்க்கிறபோது சிரிப்பு.

மெஹ்யார் நகர்ந்து கொடுத்தான். பந்து அவன் கைக்கு வந்தது. கூடை தலைக்கு மேலேயே இருந்தது. அவன் திரும்பி, வெளியே நின்ற குட்டைப் பையனுக்குக் கொடுத்தான். அந்தப் பையன் எறிந்து தவறவிட்டான். அடுத்த தடவையும் அப்படியே.

"டேய் மினாரா! பாங்கு சொல்லவாடா வந்தே?" மேல் வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

பெஜ்மான் ஓடி வந்து மோதித் தானே வழுக்கி விழுந்தான். மெஹ்யார் குனிந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அதற்குள் பந்து அந்தப் பக்கம் போய் பாபோலுக்கு இரண்டு புள்ளி ஆகிவிட்டது. பெஜ்மான் தன் ஆட்களைப் பார்த்துக் கூவியது யதுல்லாவின் காதில் விழுந்தது.

"டேய், இவன் எனக்கு வழி விடறான்டா! மாமனார் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குடா!"

அரங்கத்தில் பாதி சிரித்தது. நாதலி தன் தொடையிலேயே அறைந்துகொண்டான். யதுல்லாவின் பையில் போன் அதிர்ந்தது.

"என்ன சிரிப்பு அது?" தூபா கேட்டாள்.

"ஒண்ணுமில்லே. எவனோ வழுக்கி விழுந்தான்."

"இவன் என்ன பண்றான்?"

"சிங்கம் மாதிரி ஆடறான்."

அவள், "சிங்கத்தைப் பார்த்து யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பாதி ஆட்டம் முடிந்தபோது கோர்கான் நன்றாகவே பின்தங்கியிருந்தது. மெஹ்யார் போட்டது ஒரே ஒரு கூடை. யதுல்லா மிலென்கோவைப் பார்த்தான். அவர் தொப்பியிலிருந்த தோலைக் கீழே கொட்டி, கடிகாரத்தைப் பார்த்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

யதுல்லா எழுந்துவிட்டான். தான் எழுந்தது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது.

வீரர்கள் உள்ளே போகிற நடையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மகனைப் பிடித்தான். பையனின் இடுப்பில் சட்டை ஏறி, பெஜ்மானின் முழங்கால் பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. நேற்றிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை.

"மெஹ்யார், நான் உன்னை ஒருத்தனை வீட்டுல உக்கார்த்தி வைக்கச் சொன்னேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு பாபா."

"அவனை எழுப்பு."

பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு நின்றது. குனிந்து அப்பன் முகத்தைப் பார்த்தான்.

"முழுசாவா, பாபா?"

இந்தக் கேள்வியை யதுல்லா எதிர்பார்க்கவில்லை. முழுசாக என்றால் என்ன ஆகும்? பாதி என்றால் எது பாதி? ஆலையில் எல்லாவற்றுக்கும் தராசு இருக்கிறது, இதற்கு எங்கே போவது?

"உன்னை நகர்த்த முடியாத அளவுக்கு" என்றான். சொன்ன பிறகு அது போதுமா, அதிகமா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து சாலாரியின் உடைந்த தொண்டை கூப்பிட்டது. "போடா. போ."

"என் கண்ணு மேல பாபா."

யதுல்லா இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். "என்னய்யா சொன்னே?" என்று நாதலி கேட்டான். "தண்ணி குடிக்கச் சொன்னேன்" என்றான். எதிர்ப்பக்கம் மிலென்கோ இன்னும் போகவில்லை. யாரோ டீ கொடுத்திருந்தார்கள். அது ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தார்.

மறுபாதி தொடங்கியது. பெஜ்மான் வழக்கம்போல முழங்காலைக் கொடுத்துத் தள்ளினான். மெஹ்யார் நகரவில்லை. பெஜ்மான் இன்னும் கொஞ்சம் பலம் போட்டுத் தள்ளினான். சுவரில் மோதினவன் போல அவனே பின்னால் போனான். திரும்பிப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். பந்து வந்தது. மெஹ்யார் யாரையும் தேடவில்லை. திரும்பினான், எழும்பினான், போட்டான். பலகை அதிர்ந்து ஓய வெகு நேரம் ஆனது.

அரங்கம் ஒரு விநாடி நம்பாமல் இருந்துவிட்டுப் பிறகு வெடித்தது.

"அடுப்புப் பத்திக்கிச்சுய்யா! பத்திக்கிச்சு!" நாதலி யதுல்லாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினான். பையில் போன் அதிர்ந்தது. யதுல்லா எடுக்கவில்லை. எடுக்க வேண்டியதும் இல்லை, இந்தச் சத்தம் யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தும் அவன்தான். அதற்கடுத்தும். மோத வந்த இரண்டு பேர் இரண்டு பக்கமாகச் சிதறினார்கள். ஊரே எழுந்து நின்றது. யதுல்லாவால் மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. மகன் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அவன் உட்கார்ந்த பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். போதும்டா, இந்த அளவு போதும், இங்கேயே நிறுத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கடைசிப் பகுதியில் அது நடந்தது. கூடை வளையத்தில் பட்டுப் பந்து மேலே துள்ளியது. இரண்டு பேரும் எழும்பினார்கள். பந்தை மெஹ்யார் இரண்டு கையாலும் பிடித்தான். அவன் தோள் பெஜ்மானின் மார்பில் பட்டது. பெஜ்மான் கல்லாட்டம் மல்லாந்து விழுந்தான். தலை பலகைத் தரையில் மோதுகிற சத்தம் யதுல்லாவுக்குக் கேட்டது. பட்டென்று.

விசில் ஊதவில்லை. நடுவர் கையை அசைத்து ஆட்டம் போகட்டும் என்றார். ஆனால் யாரும் ஆடவில்லை. அரங்கம் மொத்தமும் அடங்கிப்போனது. மெஹ்யார் பந்தோடு நின்றான். காலடியில் பெஜ்மான். தலைக்கு மேல் கூடை. அவன் முகம் திரும்பிக் கூட்டத்துக்குள் தேடியது. அப்பனைக் கண்டுபிடித்தது.

யதுல்லாவுக்கு அந்தப் பார்வை புரிந்தது. தூக்கட்டுமா, போடட்டுமா என்று கேட்கிறான். யதுல்லாவின் கைகள் முழங்கால் மேல் கிடந்தன. தலையை ஆட்டவும் முடியவில்லை.

மெஹ்யார் திரும்பினான். பந்தை எழும்பிக் கூடைக்குள் போட்டான். போட்ட கையோடு வந்து பெஜ்மானுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அப்போதுதான் விசில் ஊதியது.

போன் அதிர்ந்தது.

"ஏன் சத்தம் நின்னுடுச்சு?" தூபாவின் குரல் கிறீச்சிட்டது. "யாரு விழுந்தது? மெஹ்யாரா?"

"இல்லே. இன்னொரு பையன்."

"எழுந்துட்டானா?"

"இன்னும் இல்லே."

"ஐயோ" என்றாள். தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள்.

மெஹ்யாரும் இன்னொருத்தனும் கைத்தாங்கலாகத் தூக்க, பெஜ்மான் எழுந்து உட்கார்ந்தான். கண்ணைக் கசக்கினான். மெஹ்யார் ஏதோ சொல்ல, பெஜ்மான் அவன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினான். "எழுந்துட்டான்" என்றான் யதுல்லா. மறுமுனையில் அவள் அழ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தை யதுல்லா பார்க்கவில்லை. பாபோல் அணியின் பெஞ்சில் தலையில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தண்ணீர் குடித்தால் இவனுக்கு உயிர் வந்தது. கண்ணை மூடினால் போனது. கடைசியில் கோர்கான் ஒரே ஒரு கூடையில் தோற்றது என்று நாதலி சொல்லித்தான் தெரியும்.

வெளி வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சாலாரி உள்ளே நடுவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். குளித்த ஈரத் தலையோடு மெஹ்யார் வந்து அப்பனுக்கு இரண்டடி பின்னால் நின்றான். மிலென்கோ நேராக யதுல்லாவிடம் வந்தார்.

"நீ அப்பா?"

யதுல்லா கையை மார்பில் வைத்துக் குனிந்தான். "உங்க வேலைக்காரனுங்க."

"உன் பையன் எனக்கு வேணும். தெஹ்ரான் வரட்டும்."

யதுல்லாவின் தலைக்குள் இன்னும் அந்தப் பட் சத்தம்தான் இருந்தது. வாய் தன்பாட்டுக்குப் பழக்கத்தில் பேசியது. பிறந்ததிலிருந்து, யார் எதை நீட்டினாலும் முதலில் வருகிற பேச்சு.

"ஐயோ, உங்களுக்கு ஏத்தவனாங்க அவன்? பச்சைப் புள்ளை. ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம், வேண்டாங்க."

மிலென்கோ அவனை உற்றுப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். "நல்லது. அப்பாவுக்குத் தெரியும். பச்சை. அப்ப அடுத்த வருஷம் பார்க்கலாம்." தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் காரைப் பார்த்து நடந்தார்.

யதுல்லா மார்பில் வைத்த கையை எடுக்காமல் சிரித்த முகமாக நின்றான். அவர் திரும்பி வந்து இரண்டாம் தடவை கேட்பார். அப்போதும் வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாம் தடவை கேட்பார், தலையை ஆட்டிக்கொள்ளலாம். மிலென்கோ காரின் பின்கதவைத் திறந்து பையை வைத்தார். காகிதம் ஏதோ எடுக்கிறார் போலிருக்கிறது. காருக்குள் உட்கார்ந்தார். பேனா தேடுகிறார் போலிருக்கிறது.

"யோவ்!" நாதலி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். "என்னய்யா பண்ணிட்டே? அவன் நம்ம ஊர்க்காரனா? அவன் ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான்யா! ரெண்டாம் தடவை கேக்க மாட்டான்!"

கார் உறுமியது. யதுல்லா மகனைத் திரும்பிப் பார்த்தான். மெஹ்யாரின் முகம் செத்துப்போயிருந்தது. அப்பா பேசுகிற இடத்தில் அவன் பேச மாட்டான்.

யதுல்லா ஓடினான். மூட்டை தூக்கிகளுக்கு ஓட வராது. முதுகை முன்னால் சாய்த்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி ஓடிப்போய், நகர்ந்த காரின் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். டிரைவர் ஹாரன் அடித்தான். மிலென்கோ கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"கூட்டிக்கிட்டுப் போங்க" என்றான் யதுல்லா. மேலே கொஞ்சம் மரியாதை சேர்க்கச் சொல்லி வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். "நான் தப்பா சொல்லிட்டேன். அவன் வரட்டும். எனக்குச் சம்மதம். கூட்டிக்கிட்டுப் போங்க."

பிச்சை கேட்பது கூட இதை விடச் சுலபம் என்று அவனுக்குத் தோன்றியது. காது இரண்டும் எரிந்தன.

மிலென்கோ கீழே இறங்கினார். அவனை ஒரு பார்வை, பின்னாலேயே ஓடி வந்து நின்ற பையனை ஒரு பார்வை.

"நான் பார்த்தேன். முதல் பாதி பொம்மை. நீ கீழ வந்தே, குழாய்கிட்ட ஏதோ சொன்னே. அப்புறம் மனுஷன்." விரலை நீட்டினார். "தெஹ்ரான்ல நீ இல்லே. அங்க யார் சொல்லுவா?"

ராத்திரியெல்லாம் யதுல்லாவை அரித்ததும் இதேதான், ஆனால் தலைகீழாக. அடி என்று சொல்ல ஆள் இல்லாததைப் பற்றி இவர் கவலைப்படுகிறார். நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லாததைப் பற்றி அவன்.

அப்போது மெஹ்யார் ஓரடி எடுத்து வைத்தான். அப்பனுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அவன் விழுந்தப்ப நான் பாபாவைப் பார்த்தேன். பாபா ஒண்ணும் சொல்லலே" என்றான். குரல் நடுங்கினாலும் நிறுத்தவில்லை. "நானாத்தான் போட்டேன். தூக்கிவிட்டதும் நானாத்தான்."

அப்பா பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் நுழைந்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்பான் என்று யதுல்லா பார்த்தான். கேட்கவில்லை.

மிலென்கோ பையனை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவன் காலைப் பார்த்தார்.

"ஷூவைக் கொண்டு வா. எங்ககிட்ட இந்த அளவு கிடையாது. அடுத்த வாரம் சனிக்கிழமை." காரில் ஏறினார். அவ்வளவுதான்.

நாதலி பையனை இடுப்போடு கட்டிக்கொண்டு தூக்கப் பார்த்தான், முடியவில்லை. தூபா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு டாக்ஸியிலிருந்து ஓடி வந்தாள். மகனின் முகத்தையும் தோளையும் தடவி, சட்டையைத் தூக்கி இடுப்புத் தடிப்பைப் பார்த்து, "எந்தப் பாவிடா இப்படிப் பண்ணினது?" என்றாள். அவளைச் சமாதானம் பண்ணி, மெஹ்யாரை முன்சீட்டில் மடித்து உட்கார வைத்தார்கள். முழங்கால் தாடையைத் தொட்டது.

"ஏறுங்க" என்றாள் தூபா.

"ஒரு நிமிஷம்" என்றான் யதுல்லா.

பாபோல் அணியின் மினிபஸ் வாசலில் புறப்பட நின்றது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போய், கடைசிக்கு முந்தின ஜன்னலில் விரலால் தட்டினான். பெஜ்மான் கண்ணாடியைத் தள்ளித் திறந்தான். கையில் பாதி கடித்த கட்லெட் ரொட்டி. பின்தலையில் ஒரு வீக்கம்.

"தம்பி, நான் அந்த நெட்டைப் பையனோட அப்பா. தலை சுத்துதா? வாந்தி வருதா?"

பெஜ்மான் மென்றதை விழுங்கினான். "இல்லீங்க சித்தப்பா. இதோ பாருங்க, ரெண்டாவது ரொட்டி."

"கண்ணு இருட்டுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே. உங்க பையனுக்குத் தோள்ல இரும்பையா வெச்சுத் தெச்சிருக்கீங்க?" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "தெஹ்ரானுக்குப் போறானாமே? போகட்டும், போகட்டும். லீக்ல எங்கேயாவது சிக்குவான்ல. அடுத்த தடவை அவனை நான் படுக்க வெக்கறேன் பாருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னான். கட்லெட்டைக் கடித்துக்கொண்டே சொன்னான். பஸ் நகர்ந்தது.

யதுல்லா டாக்ஸிக்குத் திரும்பி வந்து தூபாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"அந்தப் புள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கான்."

"வேற என்ன சொன்னான்?"

முன்சீட்டில் மகனின் கழுத்து தெரிந்தது. ஈரம் காயாத கழுத்து. இன்னும் குழந்தைக் கழுத்துதான்.

"ஒண்ணும் சொல்லலே" என்றான் யதுல்லா. "வண்டியை எடுக்கச் சொல்லு."